கம்ப்யூட்டர் குற்றங்களும் கடைக்காரரும்: சட்டம் எந்த வழியில் உதவும்?



அண்மைக் காலமாக நமது சங்கக் கூட்டங்களில் சரக்கு விலையும் ஜி.எஸ்.டி.யும் பேசி முடிந்த பிறகு தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "யாரோ ஒருவர் வந்து சரக்கு வாங்கினார். க்யூ.ஆர். அட்டையில் இரண்டாயிரம் ரூபாய் போட்டார். ஒரு வாரம் கழித்து, வெளி மாநிலப் போலீஸ் எழுதியிருப்பதாகச் சொல்லி வங்கியில் என் கணக்கையே நிறுத்திவிட்டார்கள். மில்லுக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. நான் செய்த குற்றம் என்ன? இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?" என்பதே அக்கேள்வி.

சுருக்கமான பதில் இது. சந்தேகத்துக்குரிய பணத்தைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க்காகக் கணக்கு முழுவதையும் காலவரையின்றி நிறுத்தி வைப்பதை உயர்நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. இந்தப் பதிலின் முழுப் பொருள் விளங்க வேண்டுமானால், கம்ப்யூட்டர் குற்றங்களைப் பற்றி நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று அடியிலிருந்து பார்க்க வேண்டும். நான் வக்கீல் அல்லன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஜவுளி மொத்த வியாபாரம் செய்பவன். விற்பனை வரிச் சட்டத்தைத் தேவைக்குப் படித்தது போலவே இதையும் படித்தேன். படித்ததில் நமக்குப் பயன்படுவதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பழைய சட்டம் ஏன் போதவில்லை?

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால், ஓர் அசையும் பொருளை அதை வைத்திருப்பவரின் சம்மதமின்றி அவர் வசத்திலிருந்து நேர்மையற்ற எண்ணத்துடன் எடுப்பது. நூல் மூட்டையைத் தூக்கிச் சென்றால் இது சரியாகப் பொருந்தும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைன்களையும், வெளிநாட்டு பையருக்குக் கொடுத்த விலைப் பட்டியலையும் ஒருவன் பிரதி எடுத்துச் சென்றால்? கம்பெனியில் எதுவும் குறையவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. எது திருடு போயிற்று என்று எழுதுவது?

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததன்று. 2000 மே மாதத்தில் "ஐ லவ் யூ" என்ற பெயரில் ஒரு வைரஸ் மின்னஞ்சல் வழியாக உலகம் முழுவதும் பரவிப் பெரும் நஷ்டத்தை உண்டாக்கியது. அது பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர் ஒருவரிடமிருந்து புறப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்நாட்டில் அப்போது அதைக் குற்றம் என்று சொல்லும் சட்டமே இல்லை. அடுத்த மாதமே சட்டம் கொண்டு வந்தார்கள். செய்த நாளில் குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பின்னால் வந்த சட்டத்தை வைத்துத் தண்டிக்க முடியாது அல்லவா? வழக்கைக் கைவிட்டார்கள்.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இது குற்றவாளிகளைப் பிடிப்பதற்கென்றே பிறந்த சட்டமன்று. வியாபாரத்துக்காகப் பிறந்த சட்டம். ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச வணிகச் சட்டக் குழு 1996-ல் மின்னணு வணிகத்துக்கென ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. அதை ஒட்டி, கம்ப்யூட்டரில் செய்யும் ஒப்பந்தமும், அனுப்பும் கடிதமும், போடும் டிஜிட்டல் கையெழுத்தும் செல்லும் என்று சொல்வதே இதன் முதல் நோக்கம். குற்றங்கள் பின்னால் ஓர் அத்தியாயமாகத்தான் வந்தன. 2008-ல் செய்த திருத்தம் 2009 அக்டோபர் 27 முதல் அமலானது. இன்று போலீசார் அதிகமாகப் பயன்படுத்தும் பிரிவுகள் பல அந்தத் திருத்தத்தில் வந்தவையே.

ஒரே செயல், இரண்டு விளைவு

இச்சட்டத்தில் 43-ஆவது பிரிவையும் 66-ஆவது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உரிமையாளரின் அனுமதியின்றி ஒருவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைவது, தகவலைப் பிரதி எடுப்பது, வைரஸ் விடுவது, உள்ளதை அழிப்பது, உரிமையாளரே திறக்க முடியாமல் பூட்டுவது ஆகியவற்றை 43 வரிசையாகச் சொல்கிறது. இவற்றைச் செய்தவர் நஷ்ட ஈடு தர வேண்டும். இதே செயல்களை நேர்மையற்ற முறையில் அல்லது மோசடி எண்ணத்துடன் செய்தால் 66-ன்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே வேலையை விட்டுப் போன கணக்கர் ஒருவர் போகும்போது வாடிக்கையாளர் பட்டியலை பென் டிரைவில் எடுத்துப் போனால், "எதுவும் குறையவில்லையே" என்று இன்று யாரும் சொல்ல முடியாது. பில் போடும் கம்ப்யூட்டரைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்பவன் இதனோடு மிரட்டிப் பணம் பறித்த குற்றத்துக்கும் ஆளாவான்.

அடுத்து நம்மை நேரடியாகத் தொடும் இரண்டு பிரிவுகள். பிறருடைய பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையெழுத்து போன்றவற்றை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி. கம்ப்யூட்டர் அல்லது செல்போன் மூலம் வேறொருவராக நடித்து ஏமாற்றுவது 66டி. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதற்காக வாங்கிய டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பாஸ்வேர்டு எழுதிய சீட்டோடு சேர்த்து வெளியாரிடம் கொடுத்து வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். கையெழுத்திட்ட வெற்றுச் செக்கை அப்படிக் கொடுப்போமா?

66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. மனம் புண்படும் செய்தி அனுப்பினால் குற்றம் என்றது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் பாக்கித் தகராறு முற்றும்போது இப்பிரிவைச் சொல்லி மிரட்டுபவர்கள் இன்னும் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்தப் பிரிவுகளோடு பொதுக் குற்றச் சட்டத்தையும் சேர்த்தே எப்.ஐ.ஆர். போடுவார்கள். 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நாம் நாற்பது வருடமாக "நானூத்தி இருபது" என்று சொல்லிப் பழகிய மோசடிப் பிரிவு இப்போது 318-ன் நான்காவது உட்பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை. கும்பலாகத் தொடர்ந்து செய்யும் சைபர் குற்றத்தை 111-ஆவது பிரிவு, ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்குக் குறைந்தது ஐந்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் மூன்று ஆண்டுத் தண்டனை உள்ள குற்றங்கள் ஜாமீனில் விடத்தக்கவை. வாழ்நாள் சேமிப்பை இழந்தவர் காதில் இது எப்படி ஒலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் கடுமையான தண்டனை ஒன்றினால் போன பணம் திரும்பி விடாது என்பதே என் எண்ணம். பணம் திரும்பும் வழிகள் வேறு. அவற்றைத்தான் நம்மவர்கள் அறியவில்லை.

தமிழ்நாட்டில் நடந்த இரண்டு வழக்குகள்

முதலாவது தண்டனை பற்றியது. இச்சட்டத்தின் கீழ் நாட்டில் கிடைத்த முதல் தண்டனைகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது சென்னை எழும்பூர் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று அளித்த தீர்ப்பு. சுகாஸ் கட்டி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் குறிப்பிடுகிறார்கள். ஒரு பெண்ணின் பெயரில் ஆபாசச் செய்திகளை இணையத்தில் வெளியிட்டவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. எப்.ஐ.ஆர். பதிவாகிச் சுமார் ஏழு மாதத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. இந்த வேகம் எல்லா வழக்கிலும் கிடைப்பதில்லை.

இரண்டாவது நமக்கு இன்னும் முக்கியமானது. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் தூத்துக்குடி கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவருக்கு 2007-ல் வங்கி அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் விவரங்களைக் கொடுத்தார். கணக்கிலிருந்து சுமார் ஆறரை லட்சம் ரூபாய் மும்பையில் உள்ள வேறொரு கணக்குக்குப் போய், அதில் பெரும்பகுதியை அங்கே கவுண்டரிலேயே எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்றது வங்கி. அவர் என்ன செய்தார் தெரியுமா? போலீஸ் வழக்கோடு நிற்காமல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆவது பிரிவின்படி தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டார். 2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வங்கி தன் பங்குக்குக் காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டவில்லை என்று கூறி, வட்டியும் செலவும் சேர்த்து ரூ.12.85 லட்சம் கொடுக்குமாறு உத்தரவிட்டார் அதிகாரி.

இந்த இரண்டாவது வாசலைப் பற்றி நம் ஊரில் நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பச் செயலாளர்தான் இதற்கான தீர்ப்பு அதிகாரி, 2003-லேயே நியமித்துவிட்டார்கள். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். கூடுமானவரை நான்கு மாதத்தில், முழுவதுமாக ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அவருடைய உத்தரவின் மீது டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தகராறு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போலீஸ் விசாரணை ஒரு பக்கம் நடக்கும். இது தனியாக நடக்கும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

நாமே அனுப்பிய பணமும், நமக்குத் தெரியாமல் போன பணமும்

வங்கி வாசலுக்கு வருவோம். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் எவ்வளவு நஷ்டம் ஏற்க வேண்டும் என்று வரையறுத்தது. வங்கியின் குறைபாட்டால் போனால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. வங்கியின் மீதும் தவறில்லை, நம் மீதும் தவறில்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் சொன்னால், சேமிப்புக் கணக்கு, சிறு தொழில்களின் நடப்புக் கணக்கு ஆகியவற்றில் அதிகபட்சம் பத்தாயிரம், பெரிய நடப்புக் கணக்குகளிலும் ஓவர் டிராப்டிலும் இருபத்தைந்தாயிரம் நம் பங்கு. ஏழு நாள் கடந்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. வாடிக்கையாளரின் தவறு என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்பதையும் அச்சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர் ஒருவருக்கு ரூ.94,204 திருப்பித் தர வேண்டும் என்ற கௌகாத்தி உயர்நீதிமன்ற உத்தரவில் தலையிட மறுத்துவிட்டது.

ஆனால் ஓ.டி.பி. எண்ணை நாமே சொல்லிவிட்டால் நிலைமை மாறும். வங்கியில் தெரிவிக்கும் நேரம் வரை போன நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. எனவே சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டு மறைத்து வைப்பதில் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

இதைவிடக் கடினமானது, நாமே மனமறிந்து அனுப்பிய பணம். உதாரணமாக, வெள்ளகோவிலில் ஒரு வியாபாரி வெளியூர் மில்லில் நூல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மில்லின் பெயரில் மின்னஞ்சல் வருகிறது: "ஆடிட் காரணமாக எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இனி இக்கணக்குக்கு அனுப்பவும்." பழைய பில்லின் நம்பர், பாக்கித் தொகை எல்லாம் சரியாக இருக்கிறது. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் வேறு. அவரே போய் ஆர்.டி.ஜி.எஸ். செய்துவிட்டு வருகிறார். இதை அனுமதியற்ற பரிவர்த்தனை என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன மூன்று நாள் கணக்கு இங்கே உதவாது. ஏமாற்றியவன் மீது வழக்கு உண்டு. பணம் நடுவழியில் பிடிபட்டால்தான் உண்டு.

பிடிபடவும் கூடும். சிங்கப்பூரில் ஒரு பண்டக வியாபாரக் கம்பெனி 2024 ஜூலையில் இதே முறையில், சப்ளையர் முகவரியைப் போன்ற மின்னஞ்சலை நம்பி, கிழக்குத் திமோரில் உள்ள ஒரு கணக்குக்கு 4.23 கோடி டாலர் அனுப்பியது. நான்கு நாள் கழித்து உண்மையான சப்ளையர் பணம் வரவில்லையே என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. உடனே போலீசுக்குப் போனார்கள். இண்டர்போல் மூலம் கிழக்குத் திமோர் அதிகாரிகளை எட்டி 3.9 கோடி டாலரை நிறுத்தினார்கள்; பிறகு மேலும் இருபது லட்சத்துக்கு மேல் மீட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியில் ஒருவரும் சப்ளையருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. கணக்கு மாற்றம் என்று எந்தச் செய்தி வந்தாலும், அந்தச் செய்தியில் உள்ள எண்ணுக்கு அல்லாமல் பழைய பில்லில் அச்சிட்ட எண்ணுக்குப் பேசுவது நல்லது. ஆர்.டி.ஜி.எஸ்., நெப்ட் அனுப்புமுன் கணக்கு யார் பெயரில் உள்ளது என்று பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்த வேண்டும்.

ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம்

மத்திய உள்துறை 2021-ல் தொடங்கிய உதவித் தொலைபேசியின் எண் இப்போது 1930. சைபர்கிரைம் டாட் காவ் டாட் இன் என்ற இணையத் தளத்திலும் புகார் பதியலாம். 1930-க்குப் பேசினால் நமது வங்கி, கணக்கு எண், பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்வார்கள். அது பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தெரியும். பணம் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். ஏமாற்றுக்காரன் பணத்தைப் பத்து இருபது கணக்குகளில் பிரித்துப் போட்டு ரொக்கமாக எடுப்பதற்கு முன் நாம் முந்த வேண்டும். பந்தயம் மணிக் கணக்கில் நடக்கிறது. அமாவாசை கழியட்டும், ஆடிட்டரைக் கேட்போம் என்று இருந்தால் பணம் போனது போனதுதான்.

படித்தவர், பெரியவர் என்பதெல்லாம் இதில் பாதுகாப்பு ஆகாது. நம் தொழிலிலேயே உதாரணம் உண்டு. லூதியானாவில் நூல், துணி உற்பத்தியில் புகழ்பெற்ற வர்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வாலை 2024-ல் ஒரு கும்பல் வீடியோ காலில் மிரட்டியது. சி.பி.ஐ. என்றார்கள், உச்ச நீதிமன்ற விசாரணை என்று சொல்லிப் போலி நீதிமன்றமே நடத்திக் காட்டினார்கள். ஏழு கோடி ரூபாய் அனுப்ப வைத்தார்கள். போலீசார் அதில் ஐந்தே கால் கோடியை மீட்டார்கள். "டிஜிட்டல் கைது" என்று இக்கும்பல்கள் சொல்லும் ஒன்று நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீசைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஜி.எஸ்.டி. சம்மன் என்று ஏதேனும் வந்தால், மத்திய வரி அதிகாரிகள் அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண்ணோ இணையதளக் குறிப்பு எண்ணோ இருக்கும். 2019 நவம்பரிலிருந்து இந்த நடைமுறை உண்டு. அதைத் துறையின் தளத்தில் சரிபார்த்த பிறகு பதில் சொல்வதில் தவறில்லை.

கணக்கு முடக்கம்

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வரலாம். எங்கோ ராஜஸ்தானிலோ தெலங்கானாவிலோ ஒருவர் ஏமாந்து 1930-க்குப் பேசுகிறார். அவர் பணம் ஐந்தாறு கைகள் மாறி, அதில் இரண்டாயிரம் ரூபாய் தாராபுரத்தில் ஒரு கடையின் க்யூ.ஆர். அட்டைக்கு வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அந்தப் பாதையை மட்டும் பார்க்கிறது. சரக்கு கைமாறியது அதற்குத் தெரியாது. போலீஸ் எழுதுகிறது, வங்கி நிறுத்துகிறது. நாம் 1930-க்குப் பேசினால் நம் பணத்தைக் காக்கும் அதே ஏற்பாடுதான் இது. அதை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

இதற்கான அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் உள்ளது. முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டம் 102. களவுச் சொத்து என்று சந்தேகப்படும் எதையும் போலீஸ் அதிகாரி கைப்பற்றலாம். ஆனால் கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தெரிவிப்பில் தாமதம் என்ற ஒரே காரணத்தால் முடக்கம் செல்லாமல் போய்விடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், இதை மட்டும் நம்பி வாதிட முடியாது. நமக்குக் கைகொடுப்பவை வேறு தீர்ப்புகள். கேரள உயர்நீதிமன்றம் 2023-ல், போலீஸ் குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக் கணக்கின் மற்ற பகுதியை இயக்க விட வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2024-ல் நமது சென்னை உயர்நீதிமன்றமும் தெலங்கானா போலீஸ் கேட்டதால் முடக்கப்பட்ட ஒரு கணக்கின் வழக்கில், தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் நிறுத்துவது தொழில் செய்யும் உரிமையையும் பிழைப்பையும் பாதிக்கும் என்று கூறி, சுமார் இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்தி வைத்து மீதியை விடச் சொன்னது.

ஆகவே கணக்கு நின்றுவிட்டது என்று தெரிந்தால் மேனேஜரிடம் சத்தம் போடுவதால் பயனில்லை; அவர் மேலிருந்து வந்ததைச் செய்தவர். அவரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டியவை: எந்தப் போலீஸ் நிலையம், புகார் எண் என்ன, எந்தத் தேதியில் வந்த எந்தப் பரிவர்த்தனை, தொகை எவ்வளவு. அவற்றை வாங்கியதும் அதே தேதிக்கு உரிய பில், சரக்குக் கணக்கு, லாரி ரசீது, இ-வே பில், வாங்கியவர் போன் எண் ஆகியவற்றை இணைத்து அந்தப் போலீஸ் நிலையத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்ப வேண்டும். அத்தொகையை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை விடுமாறு மேற்படி தீர்ப்புகளைச் சுட்டிக்காட்டி வங்கிக்கும் ஒரு கடிதம். இதற்கும் அசையாவிட்டால் உரிய மாஜிஸ்திரேட்டிடம் 503-ஆவது பிரிவின்படி மனு, அல்லது உயர்நீதிமன்றத்தில் ரிட்.

இங்கேதான் நமது பழக்கம் குறுக்கே வருகிறது. இரண்டாயிரம் ரூபாய் வியாபாரத்துக்கு யார் பில் போடுகிறார்கள்? துண்டுச் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுக்கிறோம். நேர்மையாகச் சம்பாதித்த பணம் என்பதை நாம் அறிவோம், காகிதம் அறியாது. நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் களவுச் சொத்து என்பதில் மோசடியால் கைமாறிய சொத்தும் இப்போது சேர்ந்திருக்கிறது. பழைய சட்டத்தில் இது இல்லை. களவுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் வாங்கினால்தான் குற்றம் என்பதால், சரக்கு விற்றுப் பணம் வாங்கியவர் அஞ்ச வேண்டியதில்லை. விற்றதற்குச் சான்று இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆனால் சரக்கு இல்லாமல் பணம் மட்டும் வந்து போகும் காரியம் வேறு. "உங்கள் கரண்ட் அக்கவுண்டில் ஐந்து லட்சம் வரும், நூற்றுக்கு இரண்டு கமிஷன் எடுத்துக்கொண்டு ரொக்கமாகக் கொடுங்கள்" என்று கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கடைப் பையனின் பெயரில் கணக்குத் தொடங்கி ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. இப்படிக் கணக்கை வாடகைக்கு விடுபவர் கமிஷன் ஏஜெண்டு ஆக மாட்டார். வழக்கில் குற்றவாளி ஆவார். கும்பலின் தலைவன் வெளிநாட்டில் இருப்பான். அவன் பெயரே தெரியாது. கணக்கின் பெயர், ஆதார், கையெழுத்து எல்லாம் இங்கே இருப்பவருடையது. முதலில் கைதாகிறவரும் அவரே. நம் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதை ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லிவிடுவது முதலாளியின் கடமை என்றே நினைக்கிறேன்.

சான்றும் புகாரும்

செல்போனில் வந்த செய்தி, பேச்சுப் பதிவு, கம்ப்யூட்டர் கணக்கு ஆகியவை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும். ஆனால் வெறும் அச்சுப் பிரதி போதாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, அதற்கொரு சான்றிதழ் கேட்கிறது. புதிய படிவத்தில் இரண்டு பகுதி: ஒன்று கருவியை வைத்திருப்பவர், மற்றொன்று நிபுணர் கையெழுத்திட வேண்டியது. ஏமாந்த கோபத்தில் செய்திகளை அழிப்பதும், போனை மாற்றிவிடுவதும் கூடாது. அந்தப் போனையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டு மூலச் செய்தியை அழித்தவர்களுக்கு வக்கீல்கள் சொல்லும் பதிலைக் கேட்டிருக்கிறேன்.

எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில் இருக்கிறது. மின்னணு முறையில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும். சைபர் குற்றங்களுக்கெனத் திருப்பூர் மாவட்டக் காவல்துறையில் தனி நிலையம் உள்ளது. தாராபுரம், மூலனூர், குண்டடம் பகுதி உறுப்பினர்கள் அங்கே போகும்போது கொண்டு செல்ல வேண்டியவை: 1930-ல் கொடுத்த பதிவு எண், வங்கிக் கணக்கு அறிக்கையில் சம்பந்தப்பட்ட பக்கம், பரிவர்த்தனை எண், செய்தி வந்த போன், அடையாள அட்டை, கடையின் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றின் நகல். புகாரை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்கி வர வேண்டும். கணக்கு முடக்கத்துக்காக வங்கிக்கும் போலீசுக்கும் எழுத வேண்டிய கடிதங்களின் மாதிரி நமது சங்க அலுவலகத்தில் இருக்கிறது. தேவைப்படுவோர் செயலாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.